அரை நாள் குறைவு

போன மாதம் ஒரு கணிப்பொறி அலுவலகத்துப் புதுப் பிள்ளைகள் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "தேதியில என்ன சார் கஷ்டம்? ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா முடிஞ்சுது." எனக்குக் காபி புரையேறிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை, இதே தெனாவட்டோடு, நான் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளம், கிழவன் பேச்சு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்த்தது திருப்பதியில் ஒரு கணிப்பொறி மையத்தில். பெயர் வேண்டாம். தவறு என்னுடையது, மையத்துக்கு எதற்குக் கெட்ட பெயர்? ஒரு கூடம் முழுக்க ஒரே மிஷின். அதற்கு ஏசி உண்டு, எங்களுக்கு இல்லை. அட்டைக் கார்டுகளில் துளை போட்டுக் கொடுத்தால், படித்துக் கணக்குப் போட்டு அச்சடித்துத் தரும். ஆயுத பூஜையன்று யாரோ பக்தி முற்றி அதன் கார்டு படிக்கும் வாயிலேயே குங்குமத்தை வைத்துவிட, சர்வீஸ் இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது தனிக்கதை.

நான் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலையில் இங்கிலீஷ். நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கையெழுத்துப் போட வராது, கைநாட்டுத்தான். அந்த வீட்டிலிருந்து வந்தவன் கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதுகிறேன் என்றால் கொஞ்சம் தலைக்கு ஏறத்தானே செய்யும்? ஏறியது. நன்றாகவே ஏறியது.

அப்போது நாங்கள் எழுதிய மொழியில் தேதிக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆளாளுக்குத் தனக்குத் தெரிந்தபடி கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம். பிப்ரவரிக்கு முப்பது நாள் கொடுத்த புண்ணியவானும் எங்களில் இருந்தான். எண்பதாம் வருடம் நான் முன்வந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு சப்ரூட்டீன், அதாவது ஒரு குட்டி புரோகிராம், எழுதினேன். யார் வேண்டுமானாலும் தங்கள் புரோகிராமுக்குள் அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு தேதி கொடுத்தால் நடுவில் எத்தனை நாள் என்று சொல்லும். வயதும் சொல்லும். வயதுக்கு நான் கண்டுபிடித்த வழி சுலபமானது. பிறந்ததிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணு, 365.25-ஆல் வகு, புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டி எறி. நாலு வருடத்துக்கு ஒரு லீப் நாள், ஆகவே வருடத்துக்குக் கால் நாள். என்ன நேர்த்தி!

சோதிக்க என் பிறந்த தேதியையே கொடுத்தேன். ஜூலை ஒன்று, நாற்பத்துநாலு. எண்பது ஜூலை ஒன்றாம் தேதியில் வயது என்ன என்று கேட்டேன். சுளையாக முப்பத்தாறு என்றது. போதாதா? அந்தக் கார்டுக் கட்டின் மேல்விளிம்பில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துப் பொது டிராயரில் வைத்தேன். அந்த டிராயர்தான் எங்கள் லைப்ரரி. எண்பதிலும் எண்பத்தொன்றிலும் எத்தனையோ வேலைகளுக்கு அந்தச் சிவப்புக் கோட்டுக் கட்டு போய் வந்தது. ஒரு புகார் இல்லை. வேறு ஊர்களிலிருந்து மூன்று அலுவலகத்தார்கூட நகல் வாங்கிப் போனார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

எண்பத்திரண்டில் சித்தூரிலிருந்து ஒரு வேலை வந்தது. கிராமங்களில் பிரசவம் பார்க்கவும் தடுப்பூசி போடவும் பெண்களுக்கு நர்ஸ் பயிற்சி. விண்ணப்பங்களைத் தரம் பிரித்துத் தர வேண்டும். விதி ஒன்றுதான் கறார்: அந்த வருடம் ஜூலை ஒன்றாம் தேதி பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தவர்களுக்கு இன்டர்வியூ கடிதம். நிறையாதவர்களுக்கு 'வயது போதாது' என்று ஒரு கடிதம். இரண்டையும் மிஷினே அச்சடித்துவிடும்.

கார்டுகளில் துளை போட்டவர் கிரேஸ் அக்கா. சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பம். நாள் முழுக்க பஞ்ச் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்த மையத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் நாங்கள் யாரும் எதையும் கேட்டதில்லை. அடித்துக் கொடுப்பது அவர் வேலை, யோசிப்பது எங்கள் வேலை என்று ஒரு எண்ணம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு அம்மாவும் பெண்ணும் மையத்துக்குள் நுழைந்தார்கள். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முந்தின நாள் சித்தூர் போய், அங்கிருந்த குமாஸ்தா 'திருப்பதி மிஷின்தான் முடிவு பண்ணுது' என்று கைகழுவிவிட, இங்கே வந்திருந்தார்கள். அம்மா பெயர் முனியம்மா. பெண் வசந்தா. வசந்தா கையில் நான் எழுதிய புரோகிராம் அச்சடித்த கடிதம், நாலாக மடித்து, ஓரமெல்லாம் நைந்துபோய் இருந்தது.

"இந்தக் காயிதம் அனுப்புன மிஷின் எங்க கீது? காட்டுங்க, நானே அத்த ரெண்டு வார்த்த கேட்டுக்கறேன்" என்றார் முனியம்மா.

நான் சிரித்தேன். பெருந்தன்மையாகச் சிரித்ததாக எனக்கு நினைப்பு. "மிஷின் தப்பு பண்ணாதும்மா. உங்க பொண்ணுக்குப் பதினேழுதான் ஆவுது."

"மிஷினா பெத்துச்சு இவள? நான் பெத்தவ சொல்றேன். சிவராத்திரி கழிஞ்சி மூணாம் நாளு. கடலக்கா பறிச்சிக்கினு இருந்தேன், கொல்லையிலயே வலி வந்துடுச்சி. ஜூலைக்கு எத்தினி மாசம் முன்னாடி அது!"

"அப்புறம் ஏம்மா ஜூலை ஒண்ணுன்னு குடுத்தீங்க?" கடிதத்தில் இருந்த பிறந்த தேதியைக் காட்டிக் கேட்டேன்.

"நாங்க எங்கய்யா குடுத்தோம்? ஸ்கூல்ல சேக்கப் போனா அய்யவாரு தேதி கேட்டாரு. சிவராத்திரின்னேன். அதெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுத முடியாதுன்னுட்டு அவரே ஒண்ண எழுதிக்கினாரு." பள்ளி ஆசிரியரை அந்தப் பக்கத்தில் தெலுங்கில் அய்யவாரு என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு அவசரம். அடுத்த வேலை காத்திருந்தது. "சரிம்மா, ஒரு வருஷம்தானே? அடுத்த வருஷம் போடட்டும், கட்டாயம் கிடைக்கும்" என்றேன்.

முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு ஒரு வருஷம். இவளுக்கு? இவங்க நைனா ஒரே வார்த்தையா சொல்லிட்டாரு. இன்டர்வியூ காயிதம் வந்தா படிக்கட்டும், வரலன்னா இவ மாமனுக்கு, என் தம்பிக்கு, கட்டிடறதுன்னு. ஆடி முடியட்டும்னு அவன் காத்துக்கினு கீறான். ஆவணி பொறந்தா தாம்பூலம். அடுத்த வருஷம் நீ காயிதம் அனுப்பறப்ப இவ இடுப்புல ஒண்ணு இருக்கும்யா."

வசந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்டர்வியூ திங்கட்கிழமை.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மேசைக்கு வந்தேன். அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கையால் கணக்குப் போட்டேன், வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. அறுபத்துநாலு ஜூலை ஒன்றிலிருந்து எண்பத்திரண்டு ஜூலை ஒன்று வரை. பதினெட்டு வருடம். நடுவில் லீப் நாள் அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு, எழுபத்தாறு, எண்பது என்று நாலே நாலு. மொத்தம் 6574 நாள். என் கணக்குப்படி பதினெட்டு வருடம் ஆக வேண்டுமானால் 6574.5 நாள் வேண்டும்.

அரை நாள் குறைவு.

மிஷின் 17.99 என்று ஏதோ ஒன்று கண்டிருக்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டு என்று நான் சொல்லியிருந்தேன், வெட்டிவிட்டது. எண்பதிலும் எண்பத்தொன்றிலும் அந்தப் பதினெட்டு வருடத்துக்குள் ஐந்து லீப் நாள் விழுந்திருந்தது, தப்பித்தேன். என் வயதை வைத்துச் சோதித்தேனே, முப்பத்தாறு நாலால் வகுபடும் எண். அங்கே தவறு தெரியவே தெரியாது. பதினெட்டாவது பிறந்த நாளன்று ஒருவருக்குப் பதினெட்டு வயது என்று பெட்டிக்கடைக்காரர்கூடச் சொல்லிவிடுவார். நான் எழுதியதற்கு அது தெரியவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், பதற்றம் மட்டும் அதிகம். மையத்தை மூடச் சொல்லி மேலே ஒரு கூட்டம் அப்போது முனகிக்கொண்டிருந்தது. "பட்டியலில் கையெழுத்தாகிப் போய்விட்டதே" என்று எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒக்க அம்மாயி கதா? ஒக்க கார்டு. மார்ச்சி பம்பிச்செய்." ஒரு பெண்தானே, ஒரே ஒரு கார்டு, மாற்றி அனுப்பிவிடு என்றார்.

எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது. பொய் சொல்வானேன், நிம்மதியாகவே இருந்தது. பாவம் அந்தப் பெண், நல்லது செய்கிறோம் என்ற எண்ணம் வேறு. நானே பஞ்ச் மிஷினில் உட்கார்ந்து அவளுக்குப் புதிதாக ஒரு கார்டு போட்டேன். பிறந்த தேதி ஜூன் முப்பது. ஒரே ஒரு நாள் முன்னால். ஓட்டினேன். மிஷின் பதினெட்டு என்றது. இன்டர்வியூ கடிதம் அச்சாகி வந்தது. எடுத்துக்கொண்டு போய் வசந்தாவிடம் கொடுத்தேன். முனியம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் வெட்கமில்லாமல் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

வசந்தா கடிதத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"சார், இது என் தேதி இல்ல."

"ஏண்டி, அதான் காயிதம் வந்துடுச்சே. வாய மூடிக்கினு வா" என்றார் முனியம்மா.

"இல்லம்மா. சர்டிபிகேட்ல ஜூலை ஒண்ணு கீது. இதுல ஜூன் முப்பது. அங்க ரெண்டையும் பக்கத்துல வெச்சித்தான் பாப்பாங்க. தேதியத் திருத்துனவன்னு தொரத்திடுவாங்க. அப்புறம் எந்த வருஷமும் என்ன உள்ளயே விடமாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஜூலை ஒண்ணும் என் தேதி இல்லதான் சார். ஆனா எங்கிட்ட இருக்கறது அதுதான்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் குதிரை நான்தான். முதலில் என் கணக்கால் அவளை வெளியே தள்ளினேன். பிறகு என் நல்ல மனதால் அவளுக்கு ஒரு பொய்யைக் கட்டிவிடப் பார்த்தேன். அவளுக்குப் பதிலாக வேறொரு பெண் கடிதத்தைப் படிக்காமல் வாங்கிப் போயிருந்தால் திங்கட்கிழமை என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை. புரோகிராம் தவறினால் புரோகிராமைத் திருத்துங்கள். அது சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவருடைய தகவலைத் தொடாதீர்கள்.

நான் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நின்றேன். வசந்தா விடவில்லை. கூச்சத்தோடுதான் கேட்டாள், ஆனால் கேட்டுவிட்டாள்.

"ஜூன் முப்பதுன்னா பதினெட்டு, ஜூலை ஒண்ணுன்னா பதினேழா சார்? அப்ப எங்க கிளாஸ்ல யாருக்குமே வராதே."

"யாருக்குமேன்னா?"

"பாதிப் பேருக்கு மேல ஜூலை ஒண்ணுதான் சார்."

பின்னால் கிரேஸ் அக்காவின் சிரிப்புக் கேட்டது. "இன்னிக்காவது கேட்டீங்களே! அந்தத் தேதிய நான் அடிக்கறதே இல்ல சார். மொத கார்டுல அடிச்சதோட சரி, அதுக்கப்புறம் காப்பி பட்டனத்தான் அமுக்கிக்கினு இருக்கறேன். எங்க சபையில ஞானஸ்நான ரிஜிஸ்டர் கீது, எனக்கு நாளு தப்பாது. உங்க ஊருப் புள்ளைங்க மட்டும் எப்பிடித்தான் எல்லாம் ஒரே நாள்ல பொறக்குதுங்களோ!" அப்புறம், சாதாரணமாகத்தான், ஒரு வார்த்தை சேர்த்தார்: "நீங்களும் அந்தக் கும்பல்தானே?"

ஆமாம். நானும் அந்தக் கும்பல்தான். ஜூலை ஒன்று, நாற்பத்துநாலு என்பது நான் பிறந்த நாள் இல்லை. நைனாவுக்குத் தேதி சொல்லத் தெரியாமல், புத்தூரில் ஒரு அய்யவாரு கணக்குக்கு வசதியாக எழுதிக்கொண்ட நாள். அதை வைத்துத்தான் நான் படித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன், என் சப்ரூட்டீனையும் சோதித்தேன். எங்கள் வீட்டுக் கதையே இதுதான் என்றாலும், வயதுக்கான அந்த வரியை எழுதும்போது அது என் மண்டையில் ஏறவில்லை. வயது வரம்பு ஜூலை ஒன்று. பிள்ளைகளும் ஜூலை ஒன்று. புத்தகக் கணக்கில் ஆயிரத்தில் ஒருவர் நிற்கிற அந்த எல்லைக்கோட்டின் மேல் எங்கள் பக்கத்தில் ஊரே நின்றுகொண்டிருந்தது.

பட்டியலை இழுத்துப் போட்டு, 'வயது போதாது' என்று தள்ளப்பட்டவர்களைக் கிரேஸ் அக்காவும் நானும் எண்ணினோம். 01-07-64, 01-07-64 என்று பக்கம் பக்கமாகப் போனது. அந்தத் தேதிக்காரர்கள் மட்டும் அறுபத்தெட்டுப் பேர். ஆஸ்பத்திரியில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்த டவுன் பெண்களில் ஒருத்திகூட அதில் இல்லை. வீட்டிலும் கொல்லையிலும் பிறந்த பெண்களை மட்டும், கிராமத்துக்கு நர்ஸ் வேண்டும் என்று கேட்ட பயிற்சியிலிருந்து, நான் பொறுக்கி எடுத்து வெளியே போட்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

திரும்ப மேனேஜரிடம் போய்ப் பட்டியலை விரித்தேன்.

"எந்தமந்தி?" எத்தனை பேர் என்று கேட்டார்.

"அறுபத்தெட்டு சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சித்தூருக்கு டிரங்க்கால் போடச் சொன்னார். லைன் கிடைக்க நேரம் ஆனது. லைன் கிடைத்ததும் எழுந்து நின்றுகொண்டு பேசினார். அந்தப் பக்கம் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. இவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "மிஷின்தி காது சார். மாதி." மிஷினுடைய தவறு இல்லை, எங்களுடையது. என் பெயரைச் சொல்லவே இல்லை. போனை வைத்துவிட்டு, "நாளை மதியத்துக்குள் புதுப் பட்டியல் கேட்கிறார்கள். ஆனால் கடிதம் அனுப்பும் வேலை நம்முடையதாம்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவசரத்தில் முதலில் தோன்றியது குறுக்குவழிதான். ஜூலை ஒன்று என்றால் ஒரு நாள் கூட்டிக்கொள் என்று ஒரே வரி. எழுதக் கையும் நீண்டுவிட்டது. இந்த வருடத்து வியாதிக்கு அது மருந்து, சரி. ஆனால் ஜூலை ரெண்டாம் தேதி வரம்பு வைத்து நாளைக்கு ஒருவர் வந்தால்? வயதை நாளால் வகுத்ததுதான் வியாதியே. நாள் என்பது ஓர் அளவு, வருடம் என்பது காலண்டரில் ஒரு சுற்று. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் எங்காவது அரை நாள் மிஞ்சும், அது யார் தலையிலாவது விழும். இன்றைக்கு உங்கள் லைப்ரரிகளில் நாளும் மணியும் எண்ண ஒரு வகை, வருடமும் மாதமும் எண்ண வேறு வகை என்று பிரித்து வைத்திருக்கிறார்களே, எதற்கு இத்தனை என்று சலித்துக்கொள்கிறீர்களே, அதற்காகத்தான்.

வகுத்தலை எடுத்து எறிந்தேன். ஒரு சாதாரண மனிதன் எப்படி வயது சொல்வானோ அப்படியே எழுதினேன். இந்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழி. இந்த வருடப் பிறந்த நாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறை. அவ்வளவுதான், வரிக்கு ஒன்றாக ஆறு கார்டு. இந்த முறை என் பிறந்த தேதியை மட்டும் வைத்துச் சோதிக்கவில்லை. பதினேழிலிருந்து அறுபது வரை ஒவ்வொரு வயதுக்கும், பிறந்த நாளுக்கு முந்தின நாள், அன்று, மறுநாள் என்று மூன்று தேதிகளைக் கிரேஸ் அக்கா அடித்துக் கொடுத்தார். பிப்ரவரி இருபத்தொன்பதையும் அவரே நினைவுபடுத்தினார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. முனியம்மாவும் வசந்தாவும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜூலை ஒன்று என்றே இருந்தது. "தப்பு மிஷினோடது இல்லம்மா, என்னோடது" என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா? வாய்ல முள்ளா குத்திச்சி?" என்றார் முனியம்மா. பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். புளிச்சோறு. "காலைலருந்து நீயும் ஒண்ணும் துன்னல. மூஞ்சி வத்திப் பூட்டுச்சி. இந்தா, துன்னு." அறுபத்தெட்டுப் பெண்களைத் தள்ளிவிட்ட கையில் அந்தச் சோற்றை வாங்கிச் சாப்பிட்டேன்.

கடிதங்கள் அச்சாகிவிட்டன, ஆனால் திங்கட்கிழமைக்குள் தபாலில் போய்ச் சேராது. நடுவில் ஞாயிறு வேறு. மேனேஜர் தந்தி என்றார், நான் ஆள் அனுப்பலாம் என்றேன். வசந்தாதான் சொன்னாள்: "எங்க ஊருக்குத் தபாலே எப்பயோதான் சார் வரும். பஸ் கண்டக்டராண்ட குடுங்க. ஸ்டாப்பிங்ல டீக்கடையில குடுத்துட்டுப் போவாரு. அங்கருந்து தானா வந்துடும். எங்க எல்லாத்துக்கும் அப்பிடித்தான் வருது."

வெள்ளிக்கிழமை காலை திருப்பதி பஸ் நிலையத்தில், தன் அறையை விட்டு நகராத எங்கள் மேனேஜர், கடிதக் கட்டுகளோடு நின்றார். சத்தியவேடு பஸ், நகரி பஸ், கங்காதர நெல்லூர்ப் பக்கம் போகிற சித்தூர் பஸ் என்று வழிவாரியாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கண்டக்டரிடமும் "பிள்ளைங்க படிப்பு விஷயம் பாபு, மறந்துடாதே" என்று தெலுங்கிலும் அரைகுறைத் தமிழிலும் கெஞ்சினார். வரதய்யபாளையம் பக்கத்துக் கடிதங்களை முந்தின நாள் சாயங்காலமே வசந்தா வாங்கிக்கொண்டு போயிருந்தாள். பதினொரு வீடு. முனியம்மா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே கூட நடந்தாராம்.

அன்று மதியமே எங்களிடம் நகல் வாங்கிப் போன மூன்று அலுவலகங்களுக்கும் எழுதினேன். 'நான் கொடுத்த கார்டுக் கட்டில் தவறு இருக்கிறது, தயவுசெய்து எறிந்துவிடுங்கள்' என்று. அதைவிடக் கஷ்டமான கடிதம் என் உத்தியோகத்தில் நான் எழுதியதில்லை. லைப்ரரியில் வைக்கிற தவறு நம் வீட்டில் மட்டும் தங்காது. அது போன வீடுகளுக்கெல்லாம் நாமும் போக வேண்டும்.

திங்கட்கிழமை அறுபத்துநாலு பேர் வந்தார்கள். நாலு பேர் வரவில்லை. கடிதம் கிடைக்கவில்லையா, கிடைத்தும் விடவில்லையா, அதற்குள் வீட்டில் வேறு முடிவு எடுத்துவிட்டார்களா, தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் எனக்கு இருக்கவில்லை. அவர்கள் பெயர்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். வசந்தாவுக்கு இடம் கிடைத்தது. அவள் நைனா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாமன்காரன் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டான் என்று கேள்வி. நான் துளை போட்ட அந்த ஜூன் முப்பது கார்டை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஓய்வு பெறும்வரை அது அங்கேதான் இருந்தது. புதிதாக வந்தவர்கள் என்ன இது என்று கேட்டால், கிரேஸ் அக்கா எனக்கு முன்னால் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

பயிற்சி முடிந்து வசந்தாவுக்குக் கங்காதர நெல்லூரைச் சுற்றின ஊர்களில் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது, பிறப்பை ரிஜிஸ்டரில் பதிவது. எப்போதாவது அலுவலக வேலையாக வந்தால் எங்களை எட்டிப் பார்ப்பாள். பிறகு அதுவும் நின்றது. எல்லோருக்கும் வேலை, குடும்பம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று சரிபார்க்க வந்தது. கார்டெல்லாம் போய்த் திரை வந்துவிட்ட காலம். பழக்கதோஷத்தில் பிறந்த தேதிகளைத்தான் முதலில் பார்த்தேன். மற்ற ஊர்களில் ஜூலை ஒன்று இன்னும் கும்பல் கும்பலாக இருந்தது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்து நாலைந்து ஊர்களில் மட்டும் தேதிகள் சிதறிக்கிடந்தன. ஜனவரி ஒன்பது, மார்ச் இருபத்திரண்டு, அக்டோபர் பதினாறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் நாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு ஜூலை ஒன்று அகப்பட்டது. எனக்கு ஆறவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு நர்ஸம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். வசந்தாவின் குரல் மாறவே இல்லை. விஷயத்தைச் சொல்லி, "என்னம்மா, உன் ஊர்லயே ஒரு அய்யவாரு புகுந்துட்டாரா?" என்று சீண்டினேன்.

"இருங்க சார்" என்று பழைய ரிஜிஸ்டரை எடுக்கப் போனாள். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சிரித்தாள்.

"அய்ய, அது நெசமாவே அன்னிக்குத்தான் சார் பொறந்துச்சி. காலைல பத்தேகால். நான்தான் புடிச்சேன். எழுதறப்ப உங்க ஞாபகம் வந்து, ரெண்டு வாட்டி காலண்டரப் பாத்துட்டுத்தான் எழுதுனேன்."